கச்சான் வேலிக்கு ஒரு படிக்கட்டு

எங்கள் நெடுநடைப் பாதை சாம்பல்தீவில் ஒரு தேநீர்க் கடையின் பின்பக்கம் தொடங்கி, திருகோணமலை நகரத்தை ஒதுக்கி, துறைமுகத்தின் உள்குடாவைச் சுற்றிக்கொண்டு, வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் ஊடாகப் போய்ச் சம்பூர்க் கடற்கரையில் முடிகிறது. நடந்தால் நாலைந்து நாள். பேருந்தில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். பாதைக் குழுவின் முதல் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் பகிடிக்குச் சொல்லவில்லை.

குழுவில் எல்லோரும் தொண்டர்கள். சம்பளம் வாங்காததால் எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்கள் என்பதால் யாரையும் எதுவும் கேட்க முடியாது. தலைவர் இளைப்பாறிய வங்கி முகாமையாளர். ஒவ்வொரு நடையும் தொடங்கும் இடத்தில் கொடி அசைத்துவிட்டுக் காரில் ஏறுவார். முடியும் இடத்தில் இளநீரோடு காத்திருப்பார். பாதையில் அவர் நடந்த மிக நீண்ட தூரம் காரிலிருந்து இளநீர்க் கடை வரைக்கும்தான். அவருக்கு அடுத்தவர், குழுவின் மூளை, பல வருடம் சுவிஸில் இருந்துவிட்டு உப்புவெளியில் வீடு கட்ட வந்தவர். சுவிஸ் அண்ணை என்றே எல்லோரும் கூப்பிடுவோம். மற்றவர்கள் படம் எடுப்பவர்கள். என்னைச் சேர்த்ததற்கு ஒரே காரணம், நான் நிலஅளவை படித்தவள், குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் வரைகிற அலுவலகத்தில் வேலை செய்கிறவள், என்னிடம் ஜிபிஎஸ் கருவி இருந்தது என்பது. கருவி பழுதான ஒரு ஞாயிறு என்னையும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நான் சேர்ந்ததற்குக் காரணம் இன்னும் எளியது. ஞாயிற்றுக்கிழமை பாலையூற்று வீட்டில் இருந்தால் உறவினர் என் கலியாணத்தைப் பற்றிக் கதைக்க வருவார்கள். வெயில் பரவாயில்லை.

எனக்குப் பட்டியல் போடுகிற பழக்கம் உண்டு. பாதை எதையெல்லாம் கடக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தேன்: வாய்க்கால், வரம்பு, பனங்கூடல், முகாம் கம்பி, கோயில் வீதி, கட்டாக்காலி மாடு, நாய். சுவிஸ் அண்ணை அதை ஓரமாக வைத்துவிட்டுத் தன்னுடைய பட்டியலை வாசித்தார். காட்சி பார்க்கும் இடங்கள், இளைப்பாற வாங்குகள், மஞ்சள் அம்புக்குறிகள், வேலிப்படிகள்.

கடைசிச் சொல் யாருக்கும் விளங்கவில்லை. அவர் கைபேசியில் படம் காட்டினார். பச்சைப் புல்வெளி, நடுவில் வேலி, வேலியின் இரண்டு பக்கமும் ஏறி இறங்க மரப்படி.

“வேலியை உடைக்கத் தேவையில்லை, கேற் போடத் தேவையில்லை. மாட்டுக்கு ஏற ஏலாது, மனுசருக்கு ஏலும். எவ்வளவு சிம்பிள் பாருங்கோ” என்றார்.

ஆட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவிஸ் மலைகளில் ஆடு நிறைய உண்டு என்று நான் பிற்பாடு ஒரு பால்கட்டிப் பெட்டியின் படத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். அவர் அத்தனை வருடமும் அங்கே எதைப் பார்த்துக்கொண்டு நடந்தாரோ.

கடைசி நாள் நடையில், சம்பூர்ப் பக்கம், ஒரு கச்சான் தோட்டம், நிலக்கடலைத் தோட்டம், குறுக்கே வந்தது. சுற்றிப் போக வழி இருந்தது, ஆனால் அது தார் வீதி. தார் வீதியில் நடக்கவா கொழும்பிலிருந்து சனம் வரும் என்று கேட்டார்கள். காணிக்காரியிடம் அனுமதி கேட்க வேண்டும். “பொம்பிளைப் பிள்ளை கேட்டா மறுக்க மாட்டினம்” என்று தலைவர் என்னை அனுப்பினார். பிறகு படம் எடுக்கும் நேரம் பார்த்துத் தானும் வந்து சேர்ந்தார்.

காணிக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பி வந்த குடும்பம். பற்றைக் காடாகக் கிடந்த காணியைக் கணவனும் மனைவியுமாக வெட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள். பிறகு கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த காணியில் கணவரின் தமக்கை. அக்காவுக்கு மச்சாள் முறை. மச்சாளிடம் ஒரு பட்டி ஆடு. காணி சும்மா கிடந்த காலத்தில் அந்த ஆடுகள்தான் அங்கே மேய்ந்தன. தனியே ஒரு பெண்ணால் தோட்டம் செய்ய ஏலாது, காணியை மேய்ச்சலுக்கே விடட்டும் என்று மச்சாள் தம்பிக்குத் தொலைபேசியில் ஓதிக்கொண்டிருந்தார். கடைசியில் கணவர் ஒரு முடிவு சொன்னார். இந்தக் கோடை கச்சான் சரியாக வந்து, விதைக்கு எடுத்தது போக விற்கவும் மூட்டை இருந்தால் தோட்டம். வராவிட்டால் தமக்கையின் ஆடு மேயட்டும்.

இதையெல்லாம் அக்கா கிணற்றடியில் நின்று, தண்ணீர் பம்பியின் சத்தத்துக்கு மேலால், எங்களுக்குச் சத்தமாகச் சொன்னார். அடுத்த காணிக்கும் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார் என நினைக்கிறேன்.

தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, குரலை இளக்கி, “நீங்களும் அந்த நாளையில கன தூரம் நடந்திருப்பியள் என்ன அம்மா?” என்று கேட்டார். பாதையின் விளம்பரத்துக்கு ஏதாவது வாசகம் கிடைக்கும் என்ற ஆசை.

“நடந்தனாங்கள்” என்றார் அக்கா. “அப்ப ஒருத்தரும் அம்புக்குறி போடேல்ல.”

அந்த வாசகத்தைத் தலைவர் பயன்படுத்தவில்லை.

அக்காவின் வேலியில் ஏற்கெனவே கடப்பு இருந்தது. இரண்டு கட்டைகளில் துளை போட்டு, குறுக்கே மூன்று தடி செருகி வைப்பது. மனிதர் தடியை இழுத்து நுழைந்து, திரும்பச் செருகிவிட்டுப் போக வேண்டும். ஊரில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலை.

“இதால வரட்டுமே. படி என்னத்துக்கு?”

“அக்கா, வாறவை எல்லாரும் திருப்பிச் செருகுவினம் எண்டு சொல்ல ஏலாது” என்றார் சுவிஸ் அண்ணை.

“ஏன், கை இல்லாத ஆக்களோ வரப்போகினம்?”

“அவையளுக்குப் பழக்கம் இல்லை.”

“மலையேறுவினம், ஆறு கடப்பினம், தடி செருகத் தெரியாது.” அக்கா என்னைப் பார்த்தார். “தங்கச்சி, உங்கட ஆக்கள் எப்பிடிப் பேருந்தில ஏறி இறங்கினம்?”

ஆனாலும் சம்மதித்தார். நடப்பவர்கள் வந்தால் நாலு சோளக் கதிர், தேங்காய் விற்கலாம் என்று நான்தான் சொன்னேன். அதில் பிழை இல்லை. இரண்டு ஞாயிறு விற்றது.

படியைச் சுவிஸ் அண்ணையே வடிவமைத்தார். வயதானவர்களும் ஏற வேண்டும், மூட்டு வலிக்காரரும் ஏற வேண்டும் என்று படிகளைத் தாழ்வாகவும் அகலமாகவும் வைக்கச் சொன்னார். உச்சியில் நின்று காட்சி பார்க்க ஒரு பலகை மேடை. ஏறுகிற பக்கம் ஒரு கைபிடி. தச்சுவேலை செய்த தொண்டர், எங்கள் வீட்டுக் குசினிப் படிகூட இவ்வளவு சொகுசில்லை என்று பெருமைப்பட்டார். வேலியில் நட்ட கதியால் ஒன்றும் வெட்டவில்லை, முட்கம்பி ஒன்றும் அறுக்கவில்லை. வேலிக்கு மேலால் படி போனது, கீழே வேலி அப்படியே நின்றது. அது உண்மையிலேயே உறுதியான வேலை. அந்தக் குழு கட்டிய எதுவும் அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. வாங்குகள் முதல் மழைக்கே சரிந்தன.

நடைக்காரர் வந்தார்கள். வந்தவர்களை நான் மனதுக்குள் வகைப்படுத்தினேன். வேகத்தைக் கைக்கடிகாரத்தில் பார்ப்பவர்கள், செருப்புக் கடித்துப் பாதியில் ஆட்டோ கேட்பவர்கள், உண்மையான கிராமத்துச் சாப்பாடு கேட்டுவிட்டு உறைப்பு என்று வைத்துவிடுபவர்கள், ட்ரோன் விடுபவர்கள். புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒருவர், நிமிர வேண்டாம், அப்படியே குனிந்தபடி இருங்கள், வெளிச்சம் நல்லாயிருக்கு என்றார். அக்கா நிமிர்ந்தார். “நீங்கள் வந்து குனியுங்கோ, நான் எடுக்கிறன்” என்றார். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். இந்தச் சனம் எல்லாவற்றுக்கும் சிரிக்கும்.

ஒரு நாள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வேலிப்படியின் உச்சிப் பலகையில், நீலவானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு மறி ஆடு கம்பீரமாக நின்றது. கறுப்பு உடம்பு, வலது காது மட்டும் வெள்ளை. நடைக்காரர் ஒருவர் எடுத்தது. அதற்குக் கீழே இதயங்கள், கைதட்டல்கள். “நமது புதிய தொண்டர்!” என்று குழுவின் செயலாளர் எழுதினார். “இயற்கை நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டது” என்று தலைவர் எழுதினார். ஆட்டின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நான் மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். தோட்டத்துப் பக்கம்.

உடனே அக்காவுக்கு அழைத்தேன். அவர் எடுக்கும்போதே அழுகையும் ஏச்சும் கலந்து கேட்டது. பூ விழுந்து, விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கத் தொடங்கிய நேரம். படியடியிலிருந்து தெற்கு மூலை வரைக்கும் கொடி இல்லை. ஒரு மறி வழி கண்டுபிடித்தது, மற்றவை அதன் பின்னால் வரிசையாக ஏறி வந்திருக்கின்றன. எங்கள் நடைக்காரர் ஒருபோதும் அப்படி ஒழுங்காக வரிசையில் ஏறியதில்லை.

நான் போனபோது மச்சாளும் வேலிக்கு மறுபக்கம் நின்றார். அக்கா என் கைபேசியைப் பிடுங்கிப் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது உங்கட மறி இல்லையோ மச்சாள்?”

“என்ர மறிதான். ஆர் இல்லையெண்டது?”

“என்ர கச்சானத் தின்டது தெரியுதோ?”

“அது எதில நிக்குது எண்டு வடிவாப் பார். படியில நிக்குது. படி ஆரின்ர வேலியில? கைபிடியும் வைச்சு, வாங்கோ எண்டு கூப்பிட்டா ஆடு வராம என்ன செய்யும்? என்ர ஆடு மரியாதை தெரிஞ்ச ஆடு.”

“உங்கட தம்பியிட்டச் சொல்லிக் காணியைப் பறிக்கப் பாக்கிறியள்.”

“நான் ஏன் பறிக்கிறன்? தோட்டம் வந்தா உனக்கு. வராட்டி ஆட்டுக்கு. அவன்தானே சொன்னவன்.”

எங்கள் பக்கத்தில் வேலி வழக்குக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. வேலியில் பொட்டு இருந்ததா? ஆடு மாடு நுழைகிற இடைவெளிக்குப் பொட்டு என்று பெயர். வேலி முழுதாக இருந்தும் ஆடு வந்தால் ஆட்டுக்காரர் தெண்டம் கட்ட வேண்டும், அழிந்ததற்கு ஈடாக அதே விளைச்சலைக் கொடுக்க வேண்டும். பொட்டு இருந்தால் தோட்டக்காரர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதைத் தீர்க்கிறவர் வட்டவிதானை. தண்ணீர்ப் பங்கும் வேலிச் சண்டையும் பார்க்க, பயிர் செய்கிற கமக்காரர் தாங்களே தெரிந்தெடுத்த ஆள். மச்சாள் ஈடு கொடுக்க வேண்டி வந்தால் அக்காவின் மூட்டைக் கணக்கு சரியாகிவிடும். தோட்டம் தப்பும். எல்லாம் அந்தக் கேள்வியில் தொங்கியது.

கமக்காரர் அமைப்பின் பசளைக் களஞ்சியத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு விசாரணை நடந்தது. யூரியா மணத்தது. விதானையார் ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அடிக்கடி வீதியைப் பார்த்தார். படி வைத்தவர்களும் வர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் குழு அதை மக்கள் கலந்துரையாடல் என்று விளங்கிக்கொண்டு, பாதையின் பெயர் போட்ட பதாகையோடு வந்தது. தலைவர் குளிர்பானம்கூடக் கொண்டுவந்திருந்தார்.

அக்கா நன்றாகக் கதைத்தார். நான் இவ்வளவு ஒழுங்காக ஒரு அறிக்கைகூட எழுதியதில்லை.

“விதானையார், வந்து பாருங்கோ. ஒரு கதியால் ஆடேல்ல. ஒரு கம்பி அறேல்ல. கடப்புத் தடி மூண்டும் செருகினபடி கிடக்கு. படி வேலிக்கு மேலால போகுது. கீழ வேலி முழுசா நிக்குது. அப்ப பொட்டு எங்க?”

விதானையார் தலையை ஒரு பக்கம் சரித்தார். “உதுவும் ஞாயம்தான். மேலால பாயிற ஆட்டுக்கு வேலிக்காரி என்ன செய்யிறது.” மச்சாளின் முகம் கறுத்தது. அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

சுவிஸ் அண்ணை எழுந்தார். அவர் கையை உயர்த்தியதும் நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். தன் படியைப் பற்றி இவ்வளவு நேரம் கதைக்கிறார்கள், தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய துக்கம்.

“ஒரு சின்ன விளக்கம். இந்தப் படியை வேலியின்ர பகுதியா நினைக்கிறது பிழை. இது வேலி இல்லை, வழி. பொது வழி. இதுக்குப் பூட்டு இல்லை, கதவு இல்லை, தடி இல்லை. எந்த நேரமும் திறந்திருக்கும். அதுதான் எங்கட பாதையின்ர தத்துவம்.”

“எந்த நேரமும்?” என்றார் விதானையார்.

“எந்த நேரமும்.”

“ஆரும் போகலாம்?”

“ஆரும்!”

“அப்ப ஆடும் போகலாம்.” விதானையார் எழுந்து சாரத்தை உதறினார். “படி வைச்ச ஆளே சொல்லிப்போட்டார். பொட்டுத்தான். தெண்டம் இல்லை. பிள்ளை, நீ இண்டைக்கே அடை. அடைச்ச பிறகு ஒரு ஆடு வந்தாலும் அவ கட்ட வேணும். நான் போட்டு வாறன், பிரேதம் எடுக்கப்போகினம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சுவிஸ் அண்ணையும் சிரித்தார். தன்னுடைய விளக்கம் ஊருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அக்கா சிரிக்கவில்லை. குளிர்பானத்தை நீட்டிய தலைவரைத் தாண்டி நடந்தார்.

நான் பின்னால் போனேன். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்கா, “குசினிக்குப் பின்னால அலவாங்கு கிடக்கு, எடுத்தா” என்றார். அந்தத் தச்சுவேலைத் தொண்டர் எவ்வளவு ஆணி அடித்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் அலவாங்கால் நெம்ப, அக்கா பலகையைப் பிடித்து இழுத்தார். கைபிடி மட்டும் சுலபமாக வந்தது. மச்சாள் மறுபக்கம் வந்து நின்று பார்த்தார். “பலகை நல்ல பலகை” என்றார்.

“அதுக்கு?”

“மழைக்கு ஆட்டுக் கொட்டிலுக்குப் பரண் போட வேணும்.”

அக்கா கையிலிருந்த பலகையை வேலிக்கு மேலால் நீட்டினார். “கொண்டு போங்கோ. உங்கட ஆட்டுக்குப் பழகின படிதானே. ஆனா மச்சாள், இனி ஒரு குட்டி இஞ்சால வந்தாலும் விதானையாரின்ர வாசலில நிப்பன்.”

“வராது, வராது” என்று மச்சாள் பலகையை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஆடுகளைக் கட்டித்தான் மேய்த்தார். தெண்டம் என்ற சொல்லுக்கு அவ்வளவு பலம் உண்டு. எங்கள் குழுவின் எந்த வாசகத்துக்கும் அது இருந்ததில்லை.

வாட்ஸ்அப்பில் அன்றைக்கே கண்டனம் வந்தது. கலந்தாலோசிக்காமல் பொதுச் சொத்து அகற்றப்பட்டது, காணிக்காரரின் ஒத்துழைப்பின்மை வருத்தமளிக்கிறது. அழிந்த கச்சானைப் பற்றி ஒரு சொல் இல்லை. பலகைக்குத்தான் அத்தனை அழுகையும். நான் ஒன்றும் எழுதாமல் வரைபடத்தைத் திறந்து பாதையின் கோட்டைத் தோட்டத்திலிருந்து எடுத்துத் தார் வீதியில் போட்டு அனுப்பினேன். நிழலே இல்லையே என்று செயலாளர் கேட்டார். இல்லை என்று பதில் போட்டேன்.

மிஞ்சிய கச்சானுக்கு அக்கா விடியவும் பின்னேரமும் தண்ணீர் கட்டினார். ஆட்டுக்கு விடை கிடைத்ததும் மயில் வந்தது. ஒரு ஞாயிறு நான் போகும்போது, குழு புதிதாக அடித்த ரீசேட் ஒன்றைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. காணிக்காரர்களுக்கு நன்றிப் பரிசு என்று செயலாளர் தந்தது. முன்பக்கம் பாதையின் பெயர். பின்பக்கம், முதுகு முழுக்க, உச்சிப் பலகையில் அந்தக் கறுப்பு மறி. இதை எப்படிக் கொடுப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். வேறு வழி தெரியாமல் பையோடு நீட்டினேன்.

அக்கா விரித்துப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் பம்பியடியில் நின்ற கொக்கு எழும்பிப் போனது.

“காதுகூட வெள்ளையாப் போட்டிருக்கினம்” என்றார்.

கச்சான் கிண்டுகிற நாளில் நான் லீவு போட்டுப் போனேன். மச்சாளும் வந்திருந்தார், கச்சான் கொடி ஆட்டுக்கு வேண்டுமே. தெற்கு மூலை வெறுமையாகக் கிடந்தது, மற்ற இடமெல்லாம் கொத்துக் கொத்தாக வந்தது. விதைக்கு வேறாக வைத்த பிறகும் வீட்டு விறாந்தையில் மூட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. மச்சாள் அவற்றைப் பார்ப்பதும் பார்க்காததுமாகக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் கட்டாரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அக்கா கைபேசியை மூட்டைகளுக்கு நேரே பிடித்து, ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு வெளியே வந்து தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்.

“அது ஆர் நடுவில நிக்கிறது?” என்று கணவர் கேட்டார்.

தோட்டத்து நடுவே மயிலுக்கு வைத்த வெருளி நின்றது. தலைக்குச் சட்டி, கைக்குப் பூவரசந் தடி, உடம்புக்கு எங்கள் ரீசேட். காற்றுக்குத் திரும்பியபோது முதுகில் மறி தெரிந்தது.

“தொண்டர்” என்றார் அக்கா. “சம்பளம் கேக்காது, கூட்டம் வைக்காது, வாயும் திறக்காது.” கைபேசியை மச்சாள் பக்கம் திருப்பினார். “அடுத்த கோடைக்கும் இதிலயேதான் நிக்கும் எண்டு உங்கட அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ.”

கணவர் சொன்னார். மச்சாள் கொடிக் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கடப்பால் வெளியே போய், திரும்பி நின்று, மூன்று தடியையும் செருகினார்.